வலியில் கிடப்பவரோடு வேதத்தை வாசிப்பது எப்படி

நோயாளரைச் சந்திக்கப் போகுமுன், எந்த வசனத்தை வாசிப்பது என்பதைவிட எந்த வரிசையில் வாசிப்பது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். வேதாகமத்தில் உடல் வலியைப் பற்றி முறைப்பாடும் உண்டு, சிட்சையின், அதாவது தேவன் நம்மைத் திருத்தக் கண்டிப்பதன் போதனையும் உண்டு, நம்பிக்கையும் உண்டு. ஆனால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையில் முதுகைத் திருப்ப முடியாமல் கிடக்கும் ஒருவருக்கு முதலில் சிட்சையைப் பற்றிய எபிரெயர் 12ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினால், அதற்குப் பின் சொல்லும் எந்த ஆறுதலும் அவர் காதில் ஏறாது. வலிப்பவரே பேசுகிற பகுதிகளை முதலில் எடுங்கள்.

புத்தகத்தைத் திறக்குமுன் உட்காருங்கள். "அக்கா, எங்கே வலிக்கிறது, இரவு தூங்கினீர்களா, மருந்து ஏதும் எடுத்தீர்களா" என்று கேட்டுவிட்டுப் பதில் முடியும்வரை காத்திருங்கள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்காகச் சரிவுகளில் கொழுந்து பறித்தவரின் கழுத்து வலியும், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிச் சீராக்கியவரின் தோள் வலியும் ஒன்றல்ல. அதைக் கேட்டறியாமல் செய்யும் ஜெபம் யாருக்கும் பொருந்தும், இவருக்குப் பொருந்தாது. எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் மூவரும் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அவர்கள் செய்தவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான் என்பது என் எண்ணம். வாய் திறந்தபின் அவர்கள் சொன்ன விளக்கங்களைக் குறித்து, தேவனாகிய தம்மைப்பற்றி அவர்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று அவரே கடைசி அதிகாரத்தில் கோபம்கொள்கிறார்.

முதல் வாசிப்புக்கு யோபு 7:1-6 மிகவும் ஏற்றது. கூலிக்காரன் தன் கூலிக்காகக் காத்திருப்பதுபோலத் தன் நாட்கள் கழிவதாகவும், படுத்தால் எப்போது விடியும் என்று கிழக்கு வெளுக்குமட்டும் புரளுவதாகவும் யோபு அங்கே சொல்கிறான். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று வளர்ந்த நம் மக்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மெதுவாக வாசித்து நிறுத்துங்கள்; அவர் தன் இரவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், வாசிப்பை அங்கேயே விட்டுவிட்டுக் கேளுங்கள்.

அடுத்து சங்கீதங்கள். கண்ணீரால் படுக்கை நனைவதாகச் சொல்லும் 6ஆம் சங்கீதம் சிறியது, களைத்தவருக்கு ஏற்றது. 88ஆம் சங்கீதம் கூக்குரலோடே தொடங்கி இருளோடே முடிகிறது. அதன் கடைசியில் ஒரு நல்ல வசனத்தை ஒட்டவைக்க முயலாதீர்கள், ஏனென்றால் ஆறுதல் இன்னும் வராத ஜெபத்தையும் ஜெபமாகவே ஏற்று வேதம் தன்னுள் வைத்திருக்கிறது. 38ஆம் சங்கீதத்தை மாத்திரம் கவனத்தோடு கையாளுங்கள். அதில் சங்கீதக்காரன் தன் எலும்புகளின் வேதனையைத் தன் பாவத்தோடு சேர்த்துச் சொல்கிறான். அது அவன் தானாகச் செய்யும் அறிக்கை, பார்க்கப் போனவர் அவன் மேல் சுமத்தியது அல்ல.

எப்படியும் ஒரு கட்டத்தில், "நான் என்ன பாவம் செய்தேன்" என்ற கேள்வி வரும். அல்லது பக்கத்து அறையிலிருந்து வந்து நிற்பவர் "எல்லாம் தலையெழுத்து" என்பார். விவாதிக்க வேண்டாம். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்று இயேசு பதில் சொன்ன யோவான் 9:1-3ஐ வாசியுங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று அவர் சொன்னதையும் (லூக்கா 13:4) சேர்த்துக்கொள்ளலாம்.

வேலையால் வந்த வலியை "உங்கள் சிலுவை" என்று சொல்லிவிடாதீர்கள். பறித்த கொழுந்தின் நிறுவை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் விழும் என்ற பயத்தில் காய்ச்சலோடு மலையேறி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவரின் வேதனையில், மனிதர் செய்த அநியாயமும் கலந்திருக்கிறது. எகிப்தில் ஆளோட்டிகளின் கீழ் இருந்தவர்களின் கூக்குரலைக் கேட்டேன், அவர்கள் படுகிற வேதனைகளை அறிந்திருக்கிறேன் என்று தேவன் சொன்னது (யாத்திராகமம் 3:7) பொறுமையைப் பற்றிய போதனை அல்ல, விடுதலையின் தொடக்கம். பிடித்துவைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபும் (5:4) எழுதுகிறார். அடிமைகளைப் பார்த்துச் சகித்திருங்கள் என்று பேதுரு எழுதியது, தப்ப வழியே இல்லாதிருந்தவர்களுக்குத் துணையாக எழுதப்பட்டது. அதை வேலை வாங்குகிறவர்களின் வசதிக்காக நாம் வாசிக்கக் கூடாது.

மருந்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள், ஏனென்றால் மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்று அஞ்சுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எசேக்கியா ராஜாவின் பிளவைக் கட்டிக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி (ஏசாயா 38:21). இயேசு சொன்ன உவமையில் சமாரியன், அடிபட்டுக் கிடந்தவனின் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். பவுலின் கூட்டாளியான லூக்கா ஒரு வைத்தியன். பவுலே தன் கூட்டாளி துரோப்பீமுவை நோயாளியாக மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20), அதற்காக யாருடைய விசுவாசத்தையும் குறைசொல்லவில்லை. நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் வாசிப்பை நிறுத்திவிட்டு, இலங்கையின் அவசர அம்புலன்ஸ் எண்ணான 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

இவ்வளவுக்குப் பின்புதான் சிலுவையின் பகுதிக்கு வாருங்கள். மாற்கு 15ஆம் அதிகாரத்தில் இயேசு சத்தமிட்டு, "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கூப்பிடுகிறார், அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி, அதாவது வலிப்பவர்களின் பழைய ஜெபத்தையே அவரும் எடுத்துக்கொண்டார். தேவன் தூரத்திலிருந்து வலியை விளக்கவில்லை, அதற்குள் இறங்கினார் என்பதே கிறிஸ்தவ வேதத்தின் நடுநாயகமான சாட்சி. உயிர்த்தெழுந்த உடலிலும் காயத் தழும்புகள் இருந்தன (யோவான் 20:27). ஆகவே உடல் தூக்கி எறியப்படும் கூடு அல்ல. அது மீட்கப்படும் என்று காத்திருக்கிறோம் என்று ரோமர் 8:23 சொல்கிறது. மாம்சத்திலிருந்த முள் என்று பவுல் சொன்ன தன் வேதனையை நீக்கும்படி மூன்றுதரம் வேண்டியதையும், "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலையும் நோயாளர் தாமாகக் கேட்டால் வாசியுங்கள். நீங்களாகக் கொண்டுபோய் வைத்தால், இனி ஜெபிக்காதே என்று சொன்னதுபோல ஆகிவிடும்.

எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். யாக்கோபு 5:14இன்படி சபையின் மூப்பர்களை வரவழைப்பவர் நோயாளிதான். புறப்படுமுன் கிளினிக் நாள் எது என்று விசாரித்து, அன்றைக்கு அவருடைய பிள்ளைகளுக்கு யார் சமைத்துக் கொடுப்பது, பஸ்ஸில் அவரோடு யார் போவது என்பதைச் சபையாரோடு பேசித் தீர்த்துவிடுங்கள்.