நம் மண்ணின் பூச்செடிகள்: நான்கு செடிகளோடு தொடங்குவோம்

நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவின் செடி. சம்பங்கியும் துலுக்கச் சாமந்தியும் மெக்சிகோவிலிருந்து வந்தவை. காகிதப்பூவுக்குப் பூர்வீகம் தென் அமெரிக்கா. இவற்றை வளர்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தானாகவே முளைத்து வளரும் பூச்செடிகளுக்கும் தோட்டத்தில் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். நம் வெயிலும் மழையும் அவற்றுக்குப் பழகியவை. தொட்டியில் அவை பட்டுப்போவது பெரும்பாலும் நாம் அளவுக்கு மீறிக் கவனிப்பதால்தான்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது கனகாம்பரம், வெட்சி, ஆவாரை, செங்காந்தள் ஆகிய நான்கையும்தான்.

முதலில் வெயிலைப் பாருங்கள்

செடி வாங்குவதற்கு முன், எந்த மூலையில் எத்தனை மணி நேரம் நேர் வெயில் விழுகிறது என்று ஒரு நாள் கவனியுங்கள். ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ வெயில் விழுந்தால் ஆவாரையும் செங்காந்தளும் வைக்கலாம். வெட்சிக்கும் வெயில் பிடிக்கும், இல்லையென்றால் பூ குறையும். காலை வெயில் மட்டும் விழும் இடம் கனகாம்பரத்துக்குப் போதும்.

நடுவதற்கு ஏற்ற நேரம் மழை தொடங்கும்போது. கோடையின் உச்சத்தில் நட்டுவிட்டுப் போராட வேண்டாம்.

மண்

இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மட்கிய தொழுவுரம். ஆவாரைக்கு மட்டும் உரத்தைப் பாதியாகக் குறையுங்கள். உரம் மிஞ்சினால் இலைதான் செழிக்கும், பூ வராது. தொட்டியின் அடியில் துளை கட்டாயம் வேண்டும். இந்த நான்கில் எதற்குமே தேங்கிய நீர் ஆகாது.

கனகாம்பரம்: விதையிலிருந்து

பூங்கதிர் கீழிருந்து மேலாக மலர்ந்து முடிந்ததும் அதிலேயே காய் பிடிக்கும். காய்ந்த காயில் ஈரம் பட்டால் 'படக்'கென்று வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும். அதனால் கதிர் பழுப்பாகும்போதே ஒரு மெல்லிய துணியால் மூடிக் கட்டிவிடுங்கள். விதையை மண்ணின் மேல் தூவி, மெல்லியதாக மணலால் மூடி, நீர் தெளித்தால் போதும். முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம், அவசரப்பட்டுக் கிளறிப் பார்க்காதீர்கள். இன்னொன்று: 'டெல்லி கனகாம்பரம்' என்று கிடைக்கும் ரகம் விதை பிடிக்காது. அதைக் குச்சி நட்டுத்தான் பெருக்க வேண்டும்.

வெட்சி: குச்சியிலிருந்து

இட்லிப்பூ என்ற பெயரில் பலவகைக் கலப்புச் செடிகள் விற்பனைக்கு வருகின்றன. நம் வெட்சியின் இலைக்குக் காம்பு இருப்பதே தெரியாது, தண்டோடு ஒட்டினாற்போல் இருக்கும். பூவிதழின் நுனி கூர்மையாக இருக்கும்.

மிகவும் இளசாகவும் இல்லாமல் முற்றியும் போகாத கிளையில் சுமார் 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றி நிழலில் வையுங்கள். வேர் பிடிக்க ஒன்றரை மாதம்கூட ஆகும். வளர்ந்த செடியில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அநேகமாக இரும்புச் சத்துக் குறைபாடுதான். மண்ணில் சுண்ணாம்புத் தன்மை கூடினாலோ உப்புத் தண்ணீர் ஊற்றினாலோ இப்படி ஆகும். முடிந்தால் மழை நீரைச் சேமித்து ஊற்றுங்கள், தொழுவுரமும் கொஞ்சம் போடுங்கள். பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். அதனால் ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் நுனியை லேசாக வெட்டிவிட்டால் புதுக் கிளைகள் கிளைத்து, அடுத்த முறை கொத்துகள் கூடும்.

ஆவாரை

விதையின் தோல் கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிலத்திலேயே ஊன்றுங்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி என்பதால் வளர்ந்த பிறகு இடம் மாற்ற முடியாது. வேர் பிடித்துவிட்டால் அப்புறம் அதை மறந்துவிடலாம்.

செங்காந்தள்

தமிழ்நாட்டின் மாநில மலர். கிழங்கு முதல் விதை வரை முழுக்க நஞ்சு, அதிலும் கிழங்கில் நஞ்சு அதிகம். சிறு குழந்தைகளோ செல்லப்பிராணிகளோ உள்ள வீட்டில் இதைத் தவிர்ப்பதே நல்லது. அப்படி இல்லாதவர்களும் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். காட்டில் தோண்டி எடுக்காதீர்கள், நாற்றுப் பண்ணையில் கேட்டு வாங்குங்கள்.

கிழங்கு கவைபோல் இரண்டாகப் பிரிந்திருக்கும். முளைக்குருத்து நுனியில்தான் இருக்கிறது, அது உடைந்தால் அந்தக் கிளை வீண். படுக்கை வாக்கில் வைத்து, மேலே ஐந்து செ.மீ. மண் மூடுங்கள். முளை எட்டிப் பார்த்ததும் பக்கத்தில் மெல்லிய குச்சிகளை நட்டுவிடுங்கள். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பிடித்து ஏறும். தடித்த கம்பத்தை அதனால் சுற்ற முடியாது.

பூத்துக் காய்த்த பின் கொடி முழுவதும் காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள், கிழங்கு உறங்குகிறது. நீர் ஊற்றுவதை நிறுத்தி, மழை படாத இடத்தில் ஓரமாக வையுங்கள். அடுத்த பருவத்தில் முளைக்கும்.

தண்ணீரும் புழுவும்

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் ஊற்றாதீர்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, காய்ந்த பின் வேர் நனைய ஊற்றுவதே நல்லது. தரையில் நட்டவற்றுக்கு இந்தக் கவனிப்பு முதல் ஆண்டில்தான் அதிகம் தேவைப்படும்.

ஆவாரை இலையில் பச்சைப் புழு தெரிந்தால் மருந்து அடிக்க ஓடாதீர்கள். வெளிர்நிறப் பட்டாம்பூச்சிகள் சில அதில்தான் முட்டையிடும், தின்ற இலை மீண்டும் துளிர்க்கும். செங்காந்தளில் கருப்பு உடம்பில் வண்ணப் புள்ளிகளோடு கூட்டமாக வரும் புழு வேறு ரகம், சில நாட்களிலேயே கொடியை மொட்டையாக்கிவிடும். அதைக் கையுறையோடு பொறுக்கி அப்புறப்படுத்துங்கள்.