வேகமாக ஓட ஷூ வாங்குவது எப்படி: முதல் 5கே (5 கிலோமீட்டர்) ஓடப்போகிறவர்களுக்கு

பெங்களூரு அல்சூர் ஏரியைச் சுற்றிக் காலையில் என்னோடு ஓடவரும் கல்லூரிப் பெண் ஒருத்தி போன மாதம் கேட்டாள்: “அக்கா, முதல் 5கே-க்குப் பேர் கொடுத்துட்டேன். வாரத்துல ஒரு நாள் வேகமா ஓடிப் பழகச் சொல்றாங்க. அதுக்குன்னு தனியா ஷூ வேணுமா? வேணும்னா எது?” மூச்சு வாங்க நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அன்று இரவு அவளுக்கு எழுதி அனுப்பியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துத் தருகிறேன்.

மெதுவாக நீண்ட தூரம் ஓடும்போது ஷூ நம் காலைத் தாங்கினால் போதும். வேகமாக ஓடும்போது அது காலை இறுகப் பிடித்திருக்க வேண்டும். வேகத்தில் முன்பாதத்தை ஊன்றி உந்துகிறோம், வளைவில் திரும்புகிறோம், சரிவில் இறங்குகிறோம். அப்போது உள்ளே கால் கொஞ்சம் நகர்ந்தாலும் விரல்நுனிகள் போய் ஷூவின் முனையில் இடிக்கும். பெங்களூரு மேடும் இறக்கமுமான ஊர் என்பதால் இது சீக்கிரமே தெரிந்துவிடும்.

எனக்கு 10 கிலோமீட்டர் பந்தயம் ஒன்றில் தெரிந்தது. “ரன்னிங் ஷூ எப்பவும் ஒரு சைஸ் பெருசாத்தான் எடுக்கணும்” என்று ஒரு கடையில் சொன்னதை அப்படியே நம்பி வாங்கியிருந்தேன். பாதி தூரத்தில் குதிகால் வழுக்க ஆரம்பித்தது. ஓடி முடித்துச் சாக்ஸைக் கழற்றினால் இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்திருந்தன. ஒன்று விழுந்தே போனது. மறுபடி முழுதாக வளர மாதக்கணக்கில் ஆயிற்று. அந்த வலி உங்களுக்கு வேண்டாம் என்பதால்தான் கீழே அளவைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறேன்.

படி 1: எங்கே, எவ்வளவு தூரம் ஓடப்போகிறீர்கள்?

5கே, 10கே பெரும்பாலும் தார்ச்சாலைப் பந்தயங்கள். 2008 முதல் நம் ஊரில் நடக்கும் வேர்ல்ட் 10கே-யும் அப்படித்தான். பயிற்சிக்கு ஞாயிறு காலை வண்டிகள் இல்லாத கப்பன் பூங்காச் சாலைகளுக்குப் போவீர்கள் என்றால், சாதாரண ரோட் ரன்னிங் ஷூ போதும். பக்கத்திலேயே இருக்கும் கண்டீரவா ஸ்டேடியத்தின் 400 மீட்டர் சிந்தெடிக் டிராக்கில் ஓடினாலும் அதே ஷூ செல்லும்.

ஆணி வைத்த ஸ்பைக்ஸ் டிராக் பந்தயக்காரர்களுக்கு உரியது. சிந்தெடிக் டிராக்கில் ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்பது சர்வதேச விதி. பெரும்பாலும் போடுவது 6 மில்லிமீட்டர்தான். பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்காதவரை இதை வாங்க வேண்டாம்.

படி 2: இப்போது வாங்கத்தான் வேண்டுமா?

ஓட ஆரம்பித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, கையில் நல்ல நிலையில் ஒரு ரன்னிங் ஷூ இருக்கிறது என்றால், முதல் 5கே-வை அதிலேயே ஓடுங்கள். வாரம் ஒரு வேகப் பயிற்சியை இரண்டு மாதம் விடாமல் செய்தபின் இரண்டாவது ஜோடியைப் பற்றி யோசிக்கலாம். ஜிம்முக்கும் நடைக்கும் வாங்கிய கனமான ஷூ மட்டும்தான் இருக்கிறது என்றால், சரி, இப்போதே வாங்குங்கள்.

படி 3: காலை அளந்துகொள்ளுங்கள்

நாள் முழுக்க நின்று நடந்ததில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் மாலையில் அளப்பது நல்லது. ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டுக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டித் தரையில் ஒரு தாளை வையுங்கள். குதிகாலைச் சுவரில் படும்படி வைத்து, உட்காராமல், உடம்பின் எடை முழுவதும் காலில் இறங்கும்படி நில்லுங்கள். எந்த விரல் நீளமோ அதன் நுனியில் பென்சிலால் ஒரு கோடு. பலருக்குக் கட்டைவிரலை விட அடுத்த விரல் நீளம். அப்படியானால் அதைத்தான் எடுக்க வேண்டும். சுவரிலிருந்து கோடு வரை எத்தனை செ.மீ. என்று இரண்டு காலுக்கும் அளங்கள். பெரிய காலின் அளவுதான் உங்கள் அளவு.

ஷூவின் நாக்கில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். யு.கே., யு.எஸ்., ஐரோப்பா என்று எண்கள் இருக்கும், அவற்றோடு செ.மீ. அளவும் இருக்கும். நீங்கள் அளந்ததை விட அரை முதல் 1 செ.மீ. வரை கூடுதலான எண்ணிலிருந்து போட்டுப்பார்க்க ஆரம்பியுங்கள். யு.கே. கணக்கில் ஒரு முழு சைஸ் என்பது சுமார் 8.5 மில்லிமீட்டர்; அரை சைஸ் 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஏற்கெனவே இடம் விட்டு எடுத்த அளவுக்கு மேல் இன்னொரு முழு சைஸ் போனால் ஷூ காலைப் பிடிக்காது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. யு.எஸ். எண் ஆண்களின் ஷூவுக்கும் பெண்களின் ஷூவுக்கும் ஒன்றல்ல, ஒன்றரை எண் தள்ளியிருக்கும். வேக ஷூக்களில் பெண்களுக்கான அளவுகள் கடையில் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஆண்களின் மாடலைக் காட்டுவார்கள். அது பொதுவாக அகலம் கூடியது. அகலமான பாதம் என்றால் அதுவே வசதி. ஒடுங்கிய பாதம் என்றால் குதிகால் நழுவும். செ.மீ. அளவை மனதில் வைத்திருந்தால் குழப்பம் வராது.

ஈரக்காலால் தரையில் தடம் பதித்து, பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூ தேர்ந்தெடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அமெரிக்க ராணுவத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களுக்கு அப்படி ஷூ கொடுத்துப் பார்த்தார்கள், காயங்கள் குறையவில்லை. அதில் நேரம் செலவிட வேண்டாம். போட்டதும் கால் இதமாக உணர்கிறதா என்பதே மேலான சோதனை.

படி 4: ஷூவில் எதைப் பார்ப்பது?

எடை. ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால், அதே வேகத்தில் ஓட உடம்பு செலவிடும் சக்தி சுமார் 1 சதவீதம் கூடும். தினசரி ஓட்ட ஷூக்கள் பலவும் 250 முதல் 300 கிராம் வரை இருக்கும். வேகத்துக்கு 200 முதல் 250 கிராமுக்குள் பாருங்கள். அதற்கும் கீழே போகப் போக ரப்பரும் மேல்துணியும் மெலிந்துவிடுகின்றன.

டிராப். குதிகால் பக்க உயரத்துக்கும் முன்பாத உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் இது. இப்போது போடுவது 10 மில்லிமீட்டர் டிராப் என்று வையுங்கள். திடீரென 4-க்கு இறங்கினால் அந்தச் சுமை முழுவதும் ஆடுசதைக்கும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணுக்கும் போகும். வேகப் பயிற்சியே அந்த இரண்டையும்தான் அதிகம் இழுக்கிறது. டிராப்பை மாற்றுவதையும் வேகப் பயிற்சி தொடங்குவதையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். பழகிய டிராப்புக்குப் பக்கத்திலேயே வாங்குங்கள்.

நடுவில் இருக்கும் ஃபோம் வழக்கமான இ.வி.ஏ. என்றால் விலை குறைவு. பீபா வகை லேசானது, நன்றாகத் துள்ளும், விலையும் அதிகம். ஆரம்பத்துக்கு எதுவானாலும் சரி. விரலால் அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்காமல் சற்று உறுதியாக இருக்கட்டும். மிக உயரமான, மெத்தென்ற ஷூ வளைவுகளில் ஆடும்.

அடி ரப்பரைக் கவனமாகப் பாருங்கள். இங்கே கோடை மழை பெய்த மறுநாள் காலை, கப்பன் பூங்காவில் சாலை முழுக்க உதிர்ந்த பூவும் இலையும் நனைந்து கிடக்கும். வெறும் ஃபோம் தரையில் படும் ஷூ அங்கே சறுக்கும். முன்பாதத்திலாவது முழுதாக ரப்பர் இருப்பதை வாங்குங்கள்.

ஃபோமுக்குள் விறைப்பான கார்பன் தகடு வைத்த ஷூவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நைக்கியின் வேப்பர்ஃபிளை 2017-இல் வந்தபின் சாலைப் பந்தயங்களே மாறிவிட்டன. கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே 2019-இல் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியதும் தகடு வைத்த ஷூவில்தான். சாலை ஷூவின் அடித்தளம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஒரு தகட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு விதி கொண்டுவரும் அளவுக்குப் போனது. உண்மையிலேயே பலன் தரும் பொருள்தான். ஆனால் அந்தப் பலன் வேகமாக ஓடுபவர்களிடம்தான் நன்றாகத் தெரிகிறது. மெதுவான வேகத்தில் குறைகிறது, ஆளுக்கு ஆள் மாறவும் செய்கிறது. இந்த ஷூக்களைப் போட்டு ஓடியவர்களுக்குப் பாத எலும்பில் அழுத்தக் காயம் வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பல மாடல்களின் விலை 15,000 ரூபாய்க்கு மேல். முதல் வேக ஷூவாக இதை வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பணத்தில் தகடில்லாத நல்ல ஷூ ஒன்று வாங்கி, மீதியில் நல்ல சாக்ஸும் பந்தயக் கட்டணமும் கட்டலாம்.

படி 5: கடையில்

மாலையில் போங்கள். உங்கள் சாக்ஸையும் பழைய ஷூவையும் எடுத்துப்போங்கள். ஒரு காலில் ஒரு சைஸ், மறு காலில் அரை சைஸ் கூட என்று போட்டு ஒப்பிடுங்கள். அலுத்துக்கொள்வார்களோ என்று தயங்காமல் “ஸ்வல்ப தொட்டது கொடி” (கன்னடத்தில் ‘கொஞ்சம் பெரியது கொடுங்கள்’) என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். காசு நம்முடையது, காலும் நம்முடையது.

லேஸைக் கட்டி எழுந்து நில்லுங்கள். விரல் நுனிக்கும் ஷூ முனைக்கும் நடுவில் கைக் கட்டைவிரலின் அகலம் இடம் இருந்தால் போதும். விரல்கள் அகல விரிய வேண்டும். நடுப்பாதம் இறுக்கமாக, ஆனால் வலிக்காமல் இருக்க வேண்டும். இனி நுனிக்காலில் நின்று பத்துமுறை குதியுங்கள். குதிகால் ஷூவை விட்டு மேலே வருகிறதா? வந்தால் லேஸை இறுக்கி மறுபடி குதியுங்கள். அப்போதும் வந்தால் அது உங்கள் ஷூ இல்லை. கடைக்குள்ளேயே நாலைந்து எட்டு ஓடி, சட்டென்று நின்று பாருங்கள். விரல் முனையில் இடித்தால் அதுவும் வேண்டாம். “போடப்போட லூஸ் ஆகிடும்” என்பார்கள். இன்றைய மெஷ் துணி அப்படி நெகிழ்ந்து கொடுக்காது. கடையில் கடிக்கும் ஷூ பந்தயத்திலும் கடிக்கும்.

கையில் எடுத்து வளைத்தும் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். பாதத்தின் நடுவில் மடங்கினால் வைத்துவிடுங்கள். மாடலும் சைஸும் உறுதியானபின் போன வருட மாடல் தள்ளுபடியில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

படி 6: லேஸ் கட்டும் விதம்

மேலே கடைசியாக, சற்றுத் தள்ளி ஒரு துளை இருக்கிறதே, அது அலங்காரம் இல்லை. லேஸை அதே பக்கத்தின் அந்தத் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விட்டு, சின்ன வளையமாக நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் அப்படியே. பிறகு வலது லேஸை இடது வளையத்திலும், இடது லேஸை வலது வளையத்திலும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்னால் போய்ப் பதிந்து உட்காரும்.

படி 7: பழக்குவது

முதல் இரண்டு தடவை 2, 3 கிலோமீட்டர் மெதுவோட்டம் மட்டும். அடுத்து, மெதுவோட்டத்தின் கடைசியில் 80 மீட்டர் அளவில் ஐந்தாறு வேக ஓட்டங்கள், நடுவில் நடந்து மூச்சு வாங்கிக்கொண்டு. அடுத்த வாரம் 200 மீட்டர் ஆறு முறை. அதற்கடுத்த வாரம் 400 மீட்டர் நாலைந்து முறை. ஒவ்வொரு நாளும் ஓடி முடித்ததும் சாக்ஸைக் கழற்றி நகத்தையும் குதிகாலையும் பாருங்கள். சிவந்திருந்தால் லேஸையும் சாக்ஸையும் மாற்றிப் பாருங்கள். புது ஷூவை முதன்முதலாகப் பந்தயத்தன்று போடவே போடாதீர்கள்.

மற்ற நாட்களில் பழைய ஷூவிலேயே ஓடுங்கள். 500 முதல் 800 கிலோமீட்டரில் ஃபோம் சோர்ந்துவிடும். லேசான ஷூக்கள் அதற்கு முன்பேகூட. மழையில் நனைந்தால் வெயிலில் வைக்காமல், இன்சோலை எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் உலர்த்துங்கள். வாங்கிய தேதியை இன்சோலின் அடியில் பேனாவால் எழுதி வையுங்கள்.