பனிக்குள் கறுப்புக் கோட்டு: ரெண்டர் உருவத்தைப் படத்தில் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நான் எடுத்த படம் ஒன்று. பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்த மேகம் கம்பி வேலியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒரு தங்கும் விடுதியின் சுவரொட்டிக்காக, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்த (கணினியிலேயே படமாக உருவாக்கிய) பெண் ஒருத்தியை அதில் நிறுத்தினேன். கறுப்புக் கோட்டு, கழுத்தில் மஃப்ளர். அச்சுக்கடை அண்ணன் பார்த்த உடனே கேட்டார்: "என்ன தம்பி, இந்தப் புள்ள மட்டும் வெட்டி ஒட்டுன மாதிரி இருக்கு?" நிழல் போட்டிருந்தேன், விளிம்பையும் சுத்தம் செய்திருந்தேன். தவறு கோட்டின் கறுப்பில் இருந்தது.

மலைப் படங்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள். எல்லா நிற ஒளியையும் அவை ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால்தான் பனி வெள்ளையாகத் தெரிகிறது. நமக்கும் ஒரு பொருளுக்கும் நடுவே எவ்வளவு பனி இருக்கிறதோ, அவ்வளவு வெளுப்பு அந்தப் பொருளின் மேல் ஏறும். முதலில் வெளுப்பது கறுப்பு. பக்கத்தில் நிற்கும் யூகலிப்டஸின் அடிமரமே சாம்பல் பூத்திருக்க, அதே தூரத்தில் நிற்கும் பெண்ணின் கோட்டு மட்டும் மைபோல் இருந்தால், அவள் பனிக்கு இந்தப் பக்கம் வந்துவிடுகிறாள்.

உருவம் நிற்கப்போகும் தூரத்தில், படத்தில் எது மிக இருண்டது என்று ஐட்ராப்பரால் (நிறத்தின் அளவைக் காட்டும் கருவி) எடுத்துப் பாருங்கள். 0 முதல் 255 வரையான அளவில் அது 70 என்று வந்தால், உருவத்தின் கறுப்பும் 70-ஐ ஒட்டித்தான் தொடங்க வேண்டும். லெவல்ஸில் (கறுப்பு வெள்ளை அளவுகளை மாற்றும் அமைப்பு) அவுட்புட் பக்கத்துக் கறுப்பை அந்த எண்ணுக்கு நகர்த்தினால் போதும். போட்டோஷாப், கிம்ப் இரண்டிலும் இந்த வசதி உண்டு. பலர் இதற்குப் பதிலாக உருவத்தின் ஒபாசிட்டியை, அதாவது ஒளிபுகாத தன்மையை, குறைத்துவிடுகிறார்கள். அப்போது பின்னால் இருக்கும் வேலிக்கம்பி அவள் உடம்பு வழியாகத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நிறைய பேரை வெவ்வேறு தூரத்தில் நிறுத்துவதாக இருந்தால், பிளெண்டரிலேயே மிஸ்ட் பாஸ் (தூரத்தைக் கறுப்பு வெள்ளை அளவாகக் காட்டும் தனிப்படம்) ஒன்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அதை மாஸ்க்காக வைத்துப் பனியின் நிறத்தைக் கலந்தால், தூரத்துக்கு ஏற்ற வெளுப்பு வந்துவிடும்.

அடுத்தது கண்மட்டம், அதாவது கேமரா இருந்த உயரத்தைப் படத்தில் காட்டும் கிடைக்கோடு. சமவெளியில் வானமும் தரையும் சேரும் கோடே கண்மட்டத்தைக் காட்டிவிடும். இங்கே அந்தக் கோடு தெரியாது. எதிர்மலையின் முகட்டைத் தொடுவானம் என்று எடுத்துக்கொண்டு உருவத்தை வைப்பவர்கள் உண்டு. முகடு நம் கண்ணுக்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம்; அதை நம்பக் கூடாது. ஏரியைச் சுற்றிப் போகும் சாலைப் படம் என்றால், சமமாகவும் நேராகவும் போகும் இடத்தில் சாலையின் இரண்டு ஓரங்களையும் நீட்டிப் பாருங்கள். அவை சேரும் புள்ளி இருக்கும் உயரம்தான் உங்கள் கண்மட்டம். கேமரா ஐந்தடி உயரத்தில் இருந்தது என்றால், அந்தச் சாலையில் நிற்கும் எல்லோரையும் அந்தக் கோடு ஐந்தடி உயரத்தில்தான் வெட்டும், பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும். சரிவில் கீழே நிற்பவருக்கு மட்டும், அவர் எவ்வளவு இறங்கியிருக்கிறாரோ அந்த அளவை ஐந்தடியோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

லென்ஸையும் பாருங்கள். போனின் முதன்மைக் கேமராவின் குவியத்தூரம், 35 மி.மீ. பிலிம் கேமராவின் கணக்கில், பெரும்பாலும் 24 முதல் 26 மில்லிமீட்டருக்குச் சமம். பிளெண்டர் திறந்தவுடன் தருவது 50. அதை மாற்றாமல் ரெண்டர் செய்த முகமும் பாதமும் பின்னணியோடு ஒட்டாது. எஃப்ஸ்பை என்ற இலவசக் கருவி படத்தின் கோடுகளை வைத்தே கேமராவைக் கணக்கிட்டுத் தருகிறது.

நிழல் போடும்போது, வேறெங்கோ பார்த்துப் பழகிய நீளமும் திசையும் புகுந்துவிடுகின்றன. கொடைக்கானல் பூமத்திய ரேகையிலிருந்து வெறும் 10 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவில், நம் கடிகாரத்தில் 12:20 வாக்கில், சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். டிசம்பர் கடைசியில் அதே நேரத்தில் சூரியன் தெற்கே 56 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது ஆறடி ஆளின் நிழல் வடக்கே நாலடி நீளும். படம் எடுத்த தேதியும் நேரமும் கோப்பிலேயே பதிவாகியிருக்கும், பாருங்கள். நிழலின் நிறம் சுத்தக் கறுப்பாக இருக்கக் கூடாது. அதே படத்தில் விளக்குக்கம்பத்தின் நிழல் எந்த நிறத்தில் இருக்கிறதோ, அதையே எடுத்து மல்டிப்ளையில் (கீழே உள்ள படத்தை இருட்டாக்கும் கலப்பு முறை) போடுங்கள். பாதத்தருகே கூர்மையாகவும் தலைப்பக்கம் சற்று மங்கலாகவும் இருக்கட்டும்.

மேகம் மூடிய நாளில் நிழலே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் தவறு. நீண்ட நிழல் இருக்காது, உண்மைதான். ஆனால் செருப்புக்கும் தரைக்கும் நடுவே உள்ள அந்த ஒடுங்கிய இருட்டு எப்போதும் இருக்கும். அது இல்லாவிட்டால் ஆள் மிதப்பார். பிளெண்டரில் தரைக்குப் பதிலாக ஒரு தளத்தை வைத்து ஷேடோ கேட்சர் (தான் தெரியாமல், தன்மேல் விழும் நிழலை மட்டும் தருவது) ஆக்கினால் அந்த இருட்டு கிடைத்துவிடும். புல்லில் நிற்கிறார் என்றால் அதுவும் போதாது. பாதத்துக்கு முன்னால் சில புல்லிதழ்கள் எழுந்து நிற்க வேண்டும். பின்னணியிலிருந்து அவற்றை வெட்டி மேல் லேயரில் (அடுக்கில்) வைத்துவிடுங்கள். வெயில் நாளென்றால் புல்லில் பட்டுத் திரும்பும் பச்சை, தாடைக்கடியிலும் புடவை ஓரத்திலும் லேசாக விழும். இந்தப் பச்சையை நான் ஒருநாளும் விடுவதில்லை. உருவத்தை இடத்தோடு சேர்ப்பதில் இதற்கு நிகராக வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் முடி. தலையைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், பெரும்பாலும் ஆல்பாவை (படத்தில் எந்த இடம் எவ்வளவு ஒளிபுகும் என்ற தகவல்) மென்பொருள் தவறாகப் படித்திருக்கிறது என்று பொருள். ப்ரீமல்டிப்ளைடு (நிறத்தை ஆல்பாவால் முன்பே பெருக்கிய) படத்தை அது ஸ்ட்ரெயிட் (பெருக்காதது) என்று எடுத்துக்கொண்டிருக்கும். அழிப்பான் எடுத்து ஒவ்வொரு முடியாகச் சுரண்டாமல் அந்த அமைப்பை மாற்றுங்கள். காற்றும் ஒன்றுபோல் இருக்கட்டும்: மரக்கிளை இடப்பக்கம் சாய, துப்பட்டா வலப்பக்கம் பறக்கக் கூடாது.

கடைசியாக கிரெயின், அதாவது படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள். ரெண்டர் வழவழவென்று வரும். மாலை வெளிச்சத்தில் எடுத்த போன் படத்தில் புள்ளிகள் நிறைந்திருக்கும். வேலை முடிந்து எல்லா லேயருக்கும் மேலே கொஞ்சம் கிரெயின் தூவி, முகத்தையும் பக்கத்து வேலியையும் 100 சதவீதப் பெரிதாக்கலில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டிலும் புள்ளி ஒரே அளவில் தெரிந்த பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.