புரதத்தின் விலாசத்தை வாசிப்பது எப்படி? இன்சுலினை வைத்து ஒரு செய்முறை

புரதம் தயாராவது ரைபோசோமில். அது வேலை செய்ய வேண்டிய இடமோ நியூக்ளியஸ், மைட்டோகாண்ட்ரியா, செல்லுக்கு வெளியே ரத்தம் என்று எங்கேயும் இருக்கலாம். போக வேண்டிய இடம் எது என்பது பெரும்பாலும் அந்தப் புரதத்தின் அமினோ அமில வரிசையிலேயே எழுதியிருக்கிறது. செட்டிநாட்டில் பெயருக்கு முன்னால் நிற்கும் விலாச எழுத்துகளைப் பார்த்தே எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடுவார்கள்; பல புரதங்களுக்கும் அப்படி முன்னாலேயே விலாசம் உண்டு. இதை நிறுவியதற்காக செல் உயிரியலாளர் குந்தர் புளோபெல் 1999இல் நோபல் பரிசு பெற்றார்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிளஸ் டூ உயிரியல் படிப்பவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இணைய வசதியுள்ள செல்போன், கட்டம் போட்ட நோட்டு, மஞ்சள், நீலம், சிவப்பு பென்சில்கள் போதும்.

படி 1: சரியான வரிசையை எடுங்கள்

புரத வரிசைகளைத் தொகுத்து வைத்திருக்கும் யூனிப்ராட் (UniProt) தளம் இலவசம். அதில் பி01308 (P01308) என்று தேடினால் மனித இன்சுலின் வரும். நீளம் 110 அமினோ அமிலங்கள். பாடப்புத்தகத்தில் இருக்கும் 51 அமினோ அமில இன்சுலினை எடுக்காதீர்கள். அது வெட்டி முடித்த வடிவம். விலாசம் ஏற்கெனவே போய்விட்டது. புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

படி 2: வண்ணம் தீட்டுங்கள்

வரிசையில் ஒரு எழுத்து என்பது ஒரு அமினோ அமிலம். முதல் 24 எழுத்துகளைக் கட்டத்துக்கு ஒன்றாக எழுதுங்கள்: எம், ஏ, எல், டபிள்யூ, எம், ஆர், எல், எல், பி, எல், எல், ஏ, எல், எல், ஏ, எல், டபிள்யூ, ஜி, பி, டி, பி, ஏ, ஏ, ஏ.

தண்ணீரை விலக்குபவை (ஏ, எல், ஐ, வி, எஃப், எம், டபிள்யூ) மஞ்சள். நேர்மின்சுமை உள்ள கே, ஆர் நீலம். எதிர்மின்சுமை உள்ள டி (D), ஈ (E) சிவப்பு. மற்றவை வெள்ளை.

6ஆம் கட்டம் நீலம். 7 முதல் 17 வரை, 9ஐத் தவிர, எல்லாம் மஞ்சள். செல் தேடுவது இந்த மஞ்சள் பட்டையைத்தான். வேறொரு புரதத்தில் எழுத்துகள் முற்றிலும் வேறாக இருக்கும், ஆனால் இதே அமைப்பு தெரியும்: முன்னால் ஓரிரு நீலம், பிறகு 7 முதல் 15 எண்ணிக்கையில் தண்ணீரை விலக்கும் அமினோ அமிலங்கள், கடைசியில் விலாசத்தை வெட்டி நீக்கும் வெட்டுமிடம். அதனால் எழுத்துகளை மனப்பாடம் செய்து பயனில்லை.

வெட்டுமிடத்துக்கு முன்னால் முதலாவதும் மூன்றாவதும் ஏ போன்ற சிறிய அமினோ அமிலங்களாக இருக்கும். இங்கே 24, 22 இரண்டுமே ஏ.

படி 3: செல் அதை எப்படி வாசிக்கிறது

ரைபோசோமின் சுரங்கத்துக்குள் 30 முதல் 40 அமினோ அமிலங்கள் மறைந்திருக்கும். ஆகவே சங்கிலி ஏறக்குறைய 60 தாண்டிய பிறகே விலாசம் முழுதாக வெளியே தெரியும். உடனே எஸ்ஆர்பி என்ற துகள் (6 புரதங்களும் ஒரு ஆர்என்ஏவும் சேர்ந்தது) மஞ்சள் பட்டையைப் பற்றிக்கொண்டு உற்பத்தியை மந்தப்படுத்துகிறது. பிறகு ரைபோசோமை எண்டோபிளாச வலையில் (செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலை) உள்ள தன் ஏற்பியிடம் சேர்க்கிறது. அந்த வலைக்குள் நுழைய செக்61 என்ற வாயில் உண்டு; அது குறுகலானது. மடியாத இழைதான் நுழையும். புரதம் மடிந்துவிட்டால் உள்ளே போக முடியாது என்பதால்தான் இந்த மந்தப்படுத்தல். உள்ளே போகும்போதே ஒரு நொதி 24க்கும் 25க்கும் நடுவே வெட்டிவிடும். மீதி 86 மடிந்து, கோல்கை (புரதங்களைப் பிரித்து அனுப்பும் செல் உறுப்பு) வழியாகச் சுரப்புத் துகள்களுக்குப் போய், அங்கே நடுத்துண்டும் நீங்கி 51 ஆகிறது.

படி 4: வேறு விலாசங்களைப் பாருங்கள்

மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகும் புரதங்களில் பெரும்பாலானவற்றுக்கும் விலாசம் முன்னால்தான். ஆனால் நீலக் கட்டங்கள் மஞ்சளோடு விட்டுவிட்டு வரும், சிவப்பு மிக அரிது. பெராக்ஸிசோம் என்ற செல் உறுப்புக்குப் பெரும்பாலும் வரிசையின் வாலில் எஸ், கே, எல்.

நியூக்ளியஸுக்கு நீலக்கொத்து. எஸ்வி40 வைரஸின் பெரிய டி (T) புரதத்தில் அது பி, கே, கே, கே, ஆர், கே, வி. வரிசையின் எந்த இடத்திலும் இருக்கலாம், வெட்டப்படுவதில்லை. செல் பிரியும்போது நியூக்ளியஸ் உறை கலைந்து மறுபடி உருவாகும். புரதம் திரும்பவும் உள்ளே போக விலாசம் கையில் இருக்க வேண்டுமே.

அடுத்து எண்டோபிளாச வலையில் வேலை செய்யும் ஒரு புரதமான பி11021ஐ (P11021) எடுத்துப் பாருங்கள். முன்னால் மஞ்சள் பட்டை, கடைசி நான்கு எழுத்துகள் கே, டி, ஈ, எல். கோல்கை வரை நழுவிப் போனாலும் எண்டோபிளாச வலைக்கே திருப்பி அழைத்துவரும் குறி அது. நடுவில் எங்காவது இந்த நான்கும் தென்பட்டால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எங்கே தவறும்?

மஞ்சள் பட்டை 20 கட்டம் அளவுக்கு நீண்டால் அது சவ்விலேயே தங்கும் பகுதியாக இருக்கலாம். லைசோசோம் (செல்லின் கழிவுகளைச் சிதைக்கும் உறுப்பு) நொதிகளை இந்த முறையில் கண்டுபிடிக்க முடியாது; அவற்றுக்கு அடையாளம் கோல்கையில் சேரும் மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற சர்க்கரைக் குறி. அந்தக் குறி சேராவிட்டால் நொதிகள் செல்லுக்கு வெளியே கசிந்துவிடும். ஐ-செல் நோய் வருவது அதனால்தான்.

இன்சுலினிலும் விலாசம் கெட ஒரே எழுத்து மாறினால் போதும். 24ஆம் இடத்து ஏ, டி (D) ஆக மாறிய குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே நிரந்தர நீரிழிவு வந்தது பதிவாகியிருக்கிறது. வெட்டு சரியாக விழாமல் புரதம் எண்டோபிளாச வலையிலேயே சிக்கிக்கொள்கிறது.

விலாசத்தையும் வெட்டுமிடத்தையும் கணிக்கும் சிக்னல்பி (SignalP) என்ற இலவசக் கருவியில் முதலில் அசல் வரிசையைக் கொடுங்கள். பிறகு 24ஆம் எழுத்தை மட்டும் டி ஆக்கிக் கொடுத்து, வெட்டுமிடத்துக்கு அது தரும் மதிப்பை இரண்டு முறையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள்.