பெத்துவேல் வம்சப் படம்: முறை பிசகாமல் வரைய

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஞாயிறு பள்ளியில், பைபிளின் ஆதியாகமத்தில் வரும் ஈசாக்கின் மாமனார் பெத்துவேலின் இந்த வம்சப் படத்தை மாட்டினால், பிள்ளைகளின் முதல் கேள்வி "ஈசாக்கு பங்காளி வீட்டிலேயா பெண் எடுத்தார்?" என்பதுதான். ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளி என்று பெண் கேட்டுப் படியேறாத ஊர் இது. அந்தக் கேள்விக்குப் படமே பதில் சொல்ல வேண்டும். அதற்குத் தாய்மார் பெயரை விடாமல் எழுதுங்கள்.

28 அங்குலப் பக்கம் படுக்கையாக வரும்படி முழு சார்ட்டை வையுங்கள். தலைப்புக்கு 2 அங்குலம், பிறகு 4 அங்குலத்துக்கு ஒன்றாக ஐந்து வரிசை. எல்லாம் முதலில் பென்சிலில்.

முதல் வரிசையில் தேராகு. இரண்டாவதில் இடமிருந்து ஆபிராம், நாகோர், ஆரான். நாகோர் நடுவில் இருப்பது முக்கியம். அவர் மனைவி மில்காள் ஆரானின் மகள், அதாவது அண்ணன் தம்பி மகள் (ஆதியாகமம் 11:29). மில்காளை மூன்றாவது வரிசையில், ஆரானுக்குக் கீழே எழுதி, நாகோருக்குச் சாய்வாகப் புள்ளிக்கோடு போடுங்கள்.

மூன்றாவது வரிசைதான் நெருக்கடி. மில்காள் பெற்றவர்கள் 8 பேர், கடைசியில் சொல்லப்படுபவர் பெத்துவேல். நாகோரின் மறுமனையாட்டி ரேயுமாள் பெற்றவர்கள் 4 பேர் (22:20-24). ஆளுக்கு ஒன்றரை அங்குலம் ஒதுக்கினால் 18 அங்குலம் போகும். பெத்துவேலை மட்டும் இந்தப் பன்னிரண்டு பேரின் இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து, பெயரருகே 8 என்று எண் இடுங்கள். ஆபிராமுக்குக் கீழே வரும் அவர் மகன் ஈசாக்கு பக்கத்திலேயே அமைந்துவிடுவார். நான்காவது வரிசையில் பெத்துவேலின் பிள்ளைகள் லாபானும் ரெபெக்காளும். ரெபெக்காளிடமிருந்து ஈசாக்குக்கு மறுபடியும் சாய்ந்த புள்ளிக்கோடு. பெத்துவேல் ஈசாக்குக்கு ஒன்றுவிட்ட சகோதரன். நம் கணக்கில் ரெபெக்காள் மகள் முறை. அவர்கள் வழக்கில் அது தடையல்ல என்பதைப் படத்தின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

பலரும் பிசகுவது ஈசாக்கு, ரெபெக்காளின் மகன் யாக்கோபிடம். தகப்பன் வழியில் எண்ணினால் நான்காவது வரிசை, லாபானுக்குச் சமம், லாபானின் மகளும் யாக்கோபின் மனைவியுமான ராகேல் மகள் முறையாகிவிடுவாள். தாய் வழியில் ஐந்தாவது. அங்கே எழுதுங்கள், லாபானின் மகள்கள் லேயாளும் ராகேலும் அம்மான் மகள்களாகப் பக்கத்தில் நிற்பார்கள். இந்தக் கல்யாணம் நம் பிள்ளைகளுக்கு உடனே புரியும். ஈசாக்கும் "உன் தாயின் சகோதரனாகிய லாபான்" வீட்டில் பெண்கொள் என்றுதான் அனுப்புகிறார் (28:2).

மையிடுமுன் மூன்றைச் சரிபாருங்கள். 29:5 லாபானை "நாகோரின் குமாரன்" என்கிறது. அங்கே குமாரன் என்றால் பேரன், எனவே நாகோரிலிருந்து நேர்க்கோடு இழுக்கக் கூடாது. தேராகின் தகப்பன் பெயரும் நாகோர்தான் (11:24), இருவரையும் குழப்பாதீர்கள். ரெபெக்காளைக் கொடுக்கச் சம்மதித்தவர்களில் பெத்துவேல் உண்டு (24:50), ஆனால் பரிசு வாங்கியது சகோதரனும் தாயும் (24:53). இதை வைத்து அவர் பெயரருகே "இறந்தார்" என்று குறிக்காதீர்கள். வேதம் அதைச் சொல்லவில்லை.