பாதி விலை என்றால் எதில் பாதி? தள்ளுபடிக் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டிகைத் தள்ளுபடி தொடங்கிவிட்டால் வீட்டில் உள்ள இளசுகள் எல்லாம் என்னிடம்தான் போனை நீட்டுவார்கள். "இது நல்ல ஆஃபரா, பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். வாங்கிப் பார்த்தால், புதிதாகக் கடை ஏறிய காலத்தில் நான் செய்த அதே பிழைகள்தான், இப்போது திரையில். பட்டியல் போட்டுக்கொண்டு போங்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள், கையில் இருப்பதற்கு மேல் செலவு செய்யாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை இங்கே எடுக்கவில்லை. விவரம் தெரிந்தவர்களே சறுக்குகிற இடங்களைத்தான் சொல்லப்போகிறேன். அதிலும் ஒன்றைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

அடித்த விலையை வைத்து மிச்சத்தைக் கணக்கிடுவது

பெரிய எண் ஒன்றைக் கோடு போட்டு அடித்திருப்பார்கள். பக்கத்தில் சின்ன எண் ஒன்று பளிச்சென்று இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் உடனே மிச்சக் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம். அந்தப் பெரிய எண்ணைக் கொடுத்து யாராவது, எப்போதாவது அந்தப் பொருளை வாங்கியிருக்கிறார்களா என்று யோசிப்பதே இல்லை.

போன தள்ளுபடியில் என் அக்கா மகன் முதல் சம்பளத்தில் டிவி வாங்கினான். "அறுபது சதவீதம் குறைச்சிருக்காங்க சித்தி, நாளைக்குக் கேட்டா கிடைக்காது" என்று ஒரே அவசரம். வாங்கி முடித்த பிறகு இருவரும் உட்கார்ந்து அந்த டிவியின் பழைய விலைகளைத் தேடிப் பார்த்தோம். தள்ளுபடிக்கு ஒரு மாதம் முன்பு விற்ற விலைக்கும் அவன் கொடுத்ததற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. கோடு போட்டு அடித்திருந்த விலை, நடுவில் சில நாட்கள் மட்டும் ஏற்றி வைத்த விலை. அதைவிட மோசம், அவன் வாங்க நினைத்திருந்தது சின்ன டிவி. அந்த அறுபதைப் பார்த்துத்தான் பெரியதற்குத் தாவினான். ஆக, மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டு, திட்டமிட்டதைவிட அதிகம் செலவழித்திருக்கிறான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. உழைத்துச் சம்பாதித்த முதல் பணம் அது.

இதை அந்தப் பையனின் ஏமாளித்தனம் என்று நான் ஒதுக்க மாட்டேன். முதலில் கண்ணில் படும் எண் எவரையும் இழுக்கும். 1974-ல் ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கு நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுழற்றுவார்கள். அது 10-ல் அல்லது 65-ல் நிற்கும். பிறகு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் இடைநிலை மதிப்பீடு 25. 65-ஐப் பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்படி இருந்தும் எண் இழுத்துவிட்டது. கடைக்காரர் எழுதும் எண்ணோ நாம் வாங்கப்போகும் பொருளின் மேலேயே ஒட்டியிருக்கிறது. அது இழுக்காமல் இருக்குமா?

ஐரோப்பிய ஒன்றியம் இதற்காகவே ஒரு விதி கொண்டுவந்தது. விலைக்குறைப்பு என்று விளம்பரம் செய்தால், அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைத்தான் 'முந்தைய விலை' என்று காட்ட வேண்டும். 2019-ல் இயற்றிய இந்த விதி 2022 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அப்புறமும் ஒரு வழக்கு வந்தது. அந்த 30 நாள் விலையைச் சும்மா குறிப்பிட்டால் போதாது, தள்ளுபடி சதவீதத்தையும் அதிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. இவ்வளவு தூரம் போய்க் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது என்றால், அந்த அடித்த எண்ணுக்கு எவ்வளவு பலம் இருக்க வேண்டும்!

இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்ற பெரிய கடைத்தொடர் 2012-ல் அடிக்கடி வரும் தள்ளுபடிகளையும் கூப்பன்களையும் கைவிட்டு, தினமும் ஒரே நியாய விலை என்று அறிவித்துப் பார்த்தது. அந்த ஆண்டே விற்பனை ஏறக்குறைய கால்பங்கு சரிந்தது. திட்டத்தைக் கொண்டுவந்த தலைமை அதிகாரி ரான் ஜான்சன் 2013 ஏப்ரலில் பதவி இழந்தார். அடித்த விலையைக் காணாமல் வாடிக்கையாளர்கள் விலகிப் போனார்கள். எனவே கடைகள் தாமாகத் திருந்தும் என்று காத்திருக்க வேண்டாம்.

நான் செய்வது இதுதான். தள்ளுபடி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே, வேண்டிய பொருளின் அன்றைய விலையைத் தேதியோடு குறித்துவைப்பேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேமித்தாலும் சரி. எனக்கு அது எவ்வளவு பெறும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுவேன். தள்ளுபடி நாளில் அடித்த எண்ணை விரலால் மறைத்துக்கொண்டு, மிஞ்சும் எண்ணை என் குறிப்போடு ஒப்பிடுவேன். இன்னும் இரண்டு கடைகளில் அதே நாளின் விலையையும் பார்ப்பேன். விலை வரலாற்றைக் காட்டும் தளங்கள் இருந்தால் ஆறு மாத வரைபடத்தைப் பாருங்கள். ஒரு வாரம் மட்டும் குன்று போல எழும்பி, அப்புறம் பழைய மட்டத்துக்கே இறங்கியிருந்தால் அங்கே தள்ளுபடியே இல்லை. உண்மையான விலைக்குறைப்பு என்றால், நெடுநாள் சமதளமாக ஓடிய கோடு சட்டென்று கீழே இறங்கியிருக்கும். அப்படியும் கிடைக்கும். கிடைக்கும்போது தயங்காமல் வாங்குங்கள்.

சதவீதங்களைக் கூட்டுவது

50-க்கு மேல் இன்னொரு 20 என்றால் 70 இல்லை. 100 முதலில் 50 ஆகும், அந்த 50-ல் 20 சதவீதம் போக 40. குறைந்தது 60 சதவீதம்தான்.

மாடல் எண்ணின் கடைசி எழுத்தை விட்டுவிடுவது

டிவி, லேப்டாப், வாஷிங் மெஷின் போன்றவற்றில் பெயரும் தோற்றமும் ஒன்றாகவே இருக்கும், மாடல் எண்ணின் கடைசியில் ஓர் எழுத்தோ இலக்கமோ மட்டும் மாறும். சில சமயம் அது நிறத்தையோ நாட்டையோ மட்டும் குறிக்கும். சில சமயம் தள்ளுபடிக் காலத்துக்கென்றே, அல்லது ஒரு குறிப்பிட்ட கடைத்தொடருக்கென்றே தயாரித்த மலிவு வடிவமாக இருக்கும். அதில் கேபிள் செருகும் துளைகள் குறையும், திரையின் வெளிச்சம் குறையும், நினைவகம் குறையும். நீங்கள் படித்த விமர்சனம் வேறு மாடலுக்கானது. முழு எண்ணையும் அப்படியே நகலெடுத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். அங்கே அது இல்லவே இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஓடும் கடிகாரத்துக்குப் பயப்படுவது

சலுகை முடிய இவ்வளவு நேரம்தான் என்று திரையில் கடிகாரம் ஓடினால், பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். 2019-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறக்குறைய 11,000 விற்பனைத் தளங்களைச் சோதித்தபோது, நேரம் முடிந்த பிறகும் அதே சலுகையைத் தொடர்ந்த தளங்கள் பல அகப்பட்டன.

இலவச டெலிவரிக்காகக் கூடையை நிரப்புவது

டெலிவரிக் கட்டணத்தையே கட்டிவிடுங்கள்.

வட்டியில்லாத் தவணையை அப்படியே நம்புவது

பெரும்பாலும் வட்டி எங்காவது ஒளிந்திருக்கும். செயலாக்கக் கட்டணமாக வரலாம், அல்லது முழுப் பணம் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்குக் கிடைக்காமல் போகலாம். முழுப் பணம், தவணை என்ற இரண்டு வழியிலும் கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று அருகருகே எழுதிப் பாருங்கள். மாதத் தொகையை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது.

பெட்டியைப் பிரிக்காமல் வைப்பது

பரிசுக்கு என்று முன்கூட்டியே வாங்கி, பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு பெரும்பாலும் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும், பரிசைப் பிரிக்கும் நாளுக்காகக் காத்திருக்காது. சில கடைகள் பண்டிகைக் காலத்தில் கெடுவை நீட்டும், சில கடைகள் தள்ளுபடிப் பொருளைத் திரும்ப எடுக்கவே மாட்டா. வாங்கும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். பெட்டி வந்ததும், ஒட்டுப்பட்டையை வெட்டுவதிலிருந்து பொருள் வேலை செய்வது வரை வீடியோ எடுங்கள். பிறகு மறுபடி அழகாகக் கட்டிப் பரிசாகக் கொடுக்கலாம்.

பில்லையும் அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். கடை பில்கள் பல, மையில்லாமல் சூட்டில் எழுத்து பதியும் வெப்பத்தாளில் அச்சாவதால், வாரன்ட்டி முடியும் முன்பே எழுத்து மங்கிப் போய்விடும்.