கை டில்லரா, டிராக்டர் ரொட்டவேட்டரா? தோட்டத்தை அளந்து முடிவு செய்வோம்

கடைக்குப் போகும் முன் அளவு நாடாவையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் ஒரு சுற்று நடந்து வாருங்கள். எத்தனை ஹெச்.பி. வாங்கலாம் என்ற கேள்விக்கு அங்கேயே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் இயந்திரங்களைத் தெரிந்துகொள்வோம். கை டில்லர் என்று பொதுவாகச் சொல்வது பின்னால் நடந்தபடி ஓட்டும் இயந்திரத்தை. அதில் இரண்டு வகை உண்டு. பவர் வீடர் சிறியது. பெரும்பாலும் 5 முதல் 7 ஹெச்.பி.; பல மாடல்களில் சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் கத்திகளே சுழன்று வண்டியை முன்னே இழுக்கும். பவர் டில்லர் 12, 13 ஹெச்.பி. டீசல் வண்டி. இரண்டு சக்கரம், பின்னால் சுமார் 2 அடி அகலத்தில் கத்தி. ரொட்டவேட்டர் டிராக்டரின் பின்பக்கம் மாட்டுவது, டிராக்டர் எஞ்சினின் சக்தியைக் கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றி அதன் கத்திகளை ஓட்டும். மினி டிராக்டருக்கு 3, 4 அடி அகலமும் பெரிய டிராக்டருக்கு 5, 6 அடி அகலமும் வழக்கம்.

படி 1: இடைவெளியை அளங்கள்

தென்னைக்கு 25 அடி இடைவெளி விட்டிருந்தால் டிராக்டர் தாராளமாகப் போகும். மரத்திலிருந்து 6 அடி தூரத்துக்குள் மட்டும் விடாதீர்கள், அங்கேதான் உணவெடுக்கும் வேர்கள் நிறைய இருக்கின்றன. மரவள்ளிக்கு 3 அடி, கத்தரி, மிளகாய்க்கு 2 அடி என்றால் பயிர் நிற்கும்போது வீடர் ஒன்றுதான் வழி. கத்தியின் அகலம் வரிசை இடைவெளியைவிட அரை அடியாவது குறைவாக இருக்கட்டும். வாழை 6 அடியில் இருந்தால் கன்றுப் பருவத்தில் மினி டிராக்டர் நுழையலாம். இலை விரிந்த பிறகு வேண்டாம். வாழை வேர் மேலாகவே ஓடும்.

படி 2: திரும்ப இடம் இருக்கிறதா?

பலர் மறந்துவிடுவது இதைத்தான். 10 சென்ட் நிலம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 66 அடி. டிராக்டர் திரும்ப இரு முனையிலும் 15 அடி விட்டால், நேராக ஓடுவதற்கு மிஞ்சுவது 36 அடிதான். மூலைகள் உழாமல் நிற்கும், வரப்பு மிதிபடும். பத்து, இருபது சென்ட் வீட்டுத் தோட்டத்துக்கு நான் டிராக்டரைச் சொல்லவே மாட்டேன். வாசல் கேட்டின் அகலத்தையும் அளந்துவிடுங்கள்.

படி 3: நடையைக் கணக்கிடுங்கள்

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. 2 அடி அகலக் கத்தியுடன் ஒரு ஓட்டு ஓட்ட 6.6 கிலோமீட்டர் நடக்க வேண்டும், அதுவும் அதிரும் கைப்பிடியைப் பிடித்தபடி உழுத மண்ணில். இரண்டு ஓட்டு என்றால் 13 கிலோமீட்டர். 5 அடி ரொட்டவேட்டர் அதே ஏக்கரைச் சுமார் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். ஓட்டப்போவது யார், அவர் வயது என்ன, உடல் தாங்குமா என்பதைச் சேர்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

படி 4: களையையும் மண்ணையும் பாருங்கள்

இந்தப் படியில் அவசரம் கூடாது. நிலத்தில் கோரையோ அருகம்புல்லோ மண்டியிருந்தால் வீடர், டில்லர், ரொட்டவேட்டர் மூன்றுமே கெடுதல்தான். சுழலும் கத்தி அருகைத் துண்டு துண்டாக வெட்டும். ஒவ்வொரு கணுவும் தனிச்செடியாகும். கோரைக் கிழங்கு நிலம் முழுக்கப் பரவும். எங்கள் தோட்டத்தின் ஒரு மூலையில் இருந்த கோரை, ரொட்டவேட்டர் விட்டதால் ஒரே பருவத்தில் அரை ஏக்கருக்குப் போனது. இன்றுவரை அதோடு போராடுகிறோம். அப்படிப்பட்ட நிலத்தைக் கோடையில் கொக்கிக் கலப்பையால் காயக்காய உழுது, கிழங்கையும் வேரையும் வெயிலில் போடுங்கள். ரொட்டவேட்டர் அதற்கு அப்புறம்.

அடுத்தது ஈரப்பதம். ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் உழலாம். அப்படியே அப்பி நின்றால் இரண்டு நாள் பொறுங்கள். உருண்டையே பிடிபடவில்லை என்றால் மண் காய்ந்துவிட்டது, லேசாகத் தண்ணீர் காட்டுங்கள்.

மண் மாவாகும் வரை ஓட்டுவதும் வேண்டாம். பொலபொலவென்று பார்க்க அழகாக இருக்கும், முதல் மழையில் மேல்மண் இறுகிப் பொருக்குத் தட்டும். ஆண்டுக்கணக்கில் ஒரே ஆழத்தில் ரொட்டவேட்டர் விட்டால் அடியில் கெட்டித் தட்டு உருவாகி, வேரும் நீரும் இறங்காமல் போகும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, ஆழமாகக் கீறும் உளிக்கலப்பை விட்டு அதை உடையுங்கள்.

படி 5: வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்

தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரைக் கருவிகளோடு வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலியில் பதியலாம். வாங்குவதாக இருந்தால் மானியத்தை அதே துறை அலுவலகத்தில் கேளுங்கள். மானியம் முடிவாகும் முன் கடையில் முழுப்பணம் கட்டிவிடாதீர்கள். என் கணிப்பில் இரண்டு ஏக்கர் வரை உள்ளவர்கள் முதல் உழவுக்கு டிராக்டரை வாடகைக்கு வைத்துக்கொண்டு, களையெடுக்க ஒரு வீடரைச் சொந்தமாக வாங்குவதே நல்லது. வருடத்தில் சில மணி நேரம் மட்டும் ஓடும் டிராக்டருக்குத் தவணை கட்டுவது பெரிய பாரம்.

படி 6: முதல் ஓட்டம்

சொட்டுநீர்க் குழாய்களைச் சுருட்டி ஓரமாக வையுங்கள். ஒன்று கத்தியில் சிக்கினால் வரிசை முழுவதையும் இழுத்துக்கொண்டு போகும். கல், கம்பி, பழைய கயிறு எல்லாவற்றையும் பொறுக்குங்கள். வேட்டி, தோளில் துண்டு, தொங்கும் முந்தானை கூடாது. காலணி கட்டாயம்.

வீடரின் பின்னால் மண்ணில் ஊன்றும் கம்பி ஒன்று இருக்கும். கைப்பிடியை அழுத்தினால் கம்பி இறங்கி வண்டி மெதுவாகும், கத்தி ஆழமாகப் போகும். தளர்த்தினால் வண்டி முன்னே ஓடும். இது கைக்குப் பழக அரை மணி நேரம் போதும். முதல் ஓட்டில் 2, 3 அங்குலம், அடுத்த ஓட்டில் மீதி ஆழம்.

பின்னோக்கி எடுக்கும்போது கத்தி சுழலவே கூடாது. காலில் வெட்டு விழுவது அப்போதுதான். புல் சுற்றிக்கொண்டால் எஞ்சினை அணைத்து, பெட்ரோல் வண்டியானால் பிளக் வயரையும் கழற்றிவிட்டுக் கை வையுங்கள். டிராக்டர் மட்கார்டில் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். பி.டி.ஓ. தண்டுக்கு மூடி இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

புது இயந்திரமானால் முதல் ஒரு மணி நேரம் ஓடியதும் நிறுத்தி, கத்தி போல்ட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்பேனர் போட்டு இறுக்கிவிட்டு அடுத்த சாலுக்குப் போங்கள்.